பசிக்காத பிள்ளையின் முதல் நோன்பு

“…தண்ணிகூட நாக்குல படல. விடியுமுன்ன எங்க வீட்டுல நாலு வாய் தின்னதுதான். ஏழு வயசு! இந்த வெயில்ல ஆம்பளையாளுகளே சுருண்டு கெடக்காக, இவ மொகம் கொஞ்சமாச்சும் வாடியிருக்கா பாருங்க” என்று மதினி சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பாதிப் பேச்சுதான் காதில் விழுந்தது. மாவு மில்லுக்குள் நின்று நோன்புக் கஞ்சிக்கு அரிசி உடைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடும்போது எனக்கு யார் பேச்சும் முழுசாகக் கேட்காது. யாரைப் பற்றிய பெருமை இது என்று எட்டிப் பார்த்தேன். வாசலில் அரவைக்குக் காத்திருந்த ஐந்தாறு பெண்களுக்கு நடுவில் மதினி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள். கல் வைத்துத் தைத்த ரோஸ் கவுன், தலை கொள்ளாத மல்லிகை, கழுத்தில் மதினி மகளின் சங்கிலி, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல்.

மெஷினை நிறுத்தினேன். பெல்ட் சுற்றி நிற்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாயங்காலம் நாலேகால் மணி. என் பிள்ளை விடியுமுன் சாப்பிட்டதோடு சரி. நோன்பு வைத்திருக்கிறாள். முதல் நோன்பு. எனக்குத் தெரியாது.

நானும் நோன்புதான். நோன்பு வைத்தவள் கோபப்படக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கோபப்பட்டேன். அந்தக் கோபம் அன்றைக்கு வந்ததல்ல. மூன்று மாதமாக அரைபட்டு அரைபட்டு மாவாகிக் கிடந்தது.

முதலில் இருந்து சொன்னால்தான் சரிப்படும்.

எங்களுக்குப் பந்தல்குடி. மாமனார் போட்ட மாவு மில்லை இப்போது நான் நடத்துகிறேன். வீட்டுக்காரர் சவுதியில். மதினி அவருடைய அக்கா. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பத்தாம் வகுப்பு பாஸ், டைப்ரைட்டிங் தெரியும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நர்ஸிடம் பேச்சுக் கொடுத்து முன்னால் சீட்டு வாங்கிவிடுவார். நான் எட்டாவதோடு நின்றவள். அதற்கு மேல் படித்ததெல்லாம் மில்லுக்குப் பொட்டலம் கட்ட வரும் பழைய பேப்பரிலும், அரைக்க வருகிற ஜனங்களின் வாயிலும்தான். அந்தப் படிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பரளச்சியில் இருந்து மல்லி அரைக்க வருகிற ஒரு பெண் சொல்லும் ஒரு வார்த்தையை நான் ஒரு வாரம் வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன்.

என் மகள் நிற்க மாட்டாள். நடக்கப் பழகிய நாளில் இருந்தே ஓட்டம்தான். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் இருப்பாள், டீச்சரின் மேசைக்கு மேல் இருப்பாள், தன் இடத்தில் மட்டும் இருக்க மாட்டாள். தினமும் டைரியில் சிவப்பு மையில் இரண்டு வரி வரும். அதையெல்லாம் பொறுத்திருப்பேன். ஒரு நாள் என் கையை உதறிவிட்டுத் தூத்துக்குடி ரோட்டின் குறுக்கே ஓடினாள். லாரிக்காரர் பிரேக் போட்ட சத்தம் இரண்டு தெரு தாண்டிக் கேட்டது. இறங்கி வந்த டிரைவர் திட்டக்கூட இல்லை. ரோட்டோரம் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். “எனக்கும் இதே உசரத்துல ஒண்ணு இருக்கும்மா” என்றார். அன்றைக்கு ராத்திரியே வீட்டுக்காரரிடம் சொன்னேன், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று.

“அக்காவக் கூட்டிட்டுப் போ. ஒனக்கு டாக்டர்ட்டப் பேசத் தெரியாது” என்றார் அவர்.

மதுரையில் டாக்டர். மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம். நாலு இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பேர் சொன்னார். இது வளர்ப்பில் வந்த குறை இல்லை, மூளை வேலை செய்கிற விதம் அப்படி, பயப்பட வேண்டாம் என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் இன்றைக்கும் நல்லவர் என்றுதான் சொல்வேன். காலையில் சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை, சாயங்காலம் வரைக்கும் வேலை செய்யும். பசி குறையலாம், வயிறு வலிக்கலாம், தூக்கம் தள்ளிப் போகலாம், பெரும்பாலும் போகப்போகச் சரியாகிவிடும். எடையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்தால் சொல்லுங்கள், அளவை மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவையும் அடுத்த சீட்டைக் கூப்பிடுவதற்கு முன்னால் சொல்லி முடித்தார். எல்லாவற்றையும் மதினி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பைலும் அவர் பையில் போனது. இன்று வரைக்கும் அவர் பீரோவில்தான் இருக்கிறது.

மாத்திரை வேலை செய்தது. அதை மறைத்துப் பேசினால் எனக்கு நாக்கு அழுகிப்போகும். பத்தாம் நாள் அவள் ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். கோட்டுக்கு மேலே, வரிசையாக. ரோட்டைக் கடக்கும்போது என் கை விரலைத் தானாகப் பிடித்தாள். வீட்டில் ஒரு சாமான் உடையவில்லை. நான் மில்லில் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். அந்த டீயை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. ஏனென்றால் அந்த வாரம்தான் அவள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

பசி குறையும் என்றால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். பசி என்கிற சமாச்சாரமே அவள் உடம்பை விட்டுப் போய்விட்டது. வாயில் வைத்த சோறு அப்படியே இருக்கும். “முழுங்கு தாயி” என்றால் முழுங்குவதற்கு யோசிப்பாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்காருவாள். நகத்தைச் சுற்றித் தோலை உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் சிவந்து கிடந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மாத்திரையின் வேகம் இறங்கும். அதைக் கடிகாரம் பார்க்காமல் சொல்லிவிடலாம். பென்சில் முனை உடைந்ததற்கு அரை மணி நேரம் அழுவாள், நான் தூக்கினால் என் தோளைக் கடிப்பாள், பிறகு “அம்மா, நான் ஏன் கடிச்சேன்?” என்று என்னையே கேட்பாள். அந்தக் கேள்விக்கு நான் யாரைப் போய்க் கேட்பது?

மாத்திரை போடுவதற்கு முன்னால் வயிற்றை நிரப்பிவிட வேண்டும் என்று காலை ஆறரைக்கே முட்டை தோசை. ராத்திரி பசி திரும்பும் நேரத்துக்குக் குதிரைவாலிக் கஞ்சியில் பாலும் பேரீச்சம்பழமும். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்ட இட்லி சாயங்காலம் காய்ந்து என்னிடமே திரும்பி வந்தது. ஒரு வாரம் டப்பா காலியாக வந்தது. அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாள். “ஏன் தாயி?” என்று கேட்டால், “டப்பா காலியா வந்தா நீ சிரிக்கிறம்மா” என்றாள்.

அவள் இளைப்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது மில் தராசு. மூட்டை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு, கிராம் வரைக்கும் காட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் அவளை ஏற்றி நிறுத்துவேன். ஷட்டரின் உட்பக்கத்தில் சாக்பீஸால் எண்ணை எழுதி வைப்பேன். பேர் எழுத மாட்டேன். இருபத்தொன்று நானூறு. இருபது எழுநூறு. இருபது நூறு. பத்தொன்பது முந்நூறு. அரைக்க வருகிற ஜனங்கள் அதை யாரோ வைத்துவிட்டுப் போன மூட்டையின் கணக்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

எம்.ரெட்டியபட்டியில் இருந்து வருகிற ஒரு அக்கா ஒரு நாள் கேட்டுவிட்டார். “யாரு மூட்டடி இது, வாராவாரம் கொறையுது? எலி கிலி திங்குதா?”

“ஆமாக்கா, எலிதான்” என்றேன். சொல்லிவிட்டு மெஷினைப் போட்டேன். மெஷின் சத்தத்தில் அழுதால் யாருக்கும் தெரியாது. முகத்தில் மாவு படிந்திருந்தால் கண்ணீரும் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இதில்தான் என் பங்குத் தப்பு இருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் அது சத்து மாத்திரை என்று சொல்லியிருந்தேன். பொம்பளைப் பிள்ளை. நாளைக்கு யாராவது “அது கிறுக்குக்கு மாத்திரை தின்ன புள்ள” என்று ஒரு வார்த்தை விட்டால், அந்த வார்த்தை அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் சுற்றிவிட்டு என் வாசலுக்கு வந்து நிற்கும். மதினியும் அப்படியே சொல்லச் சொன்னார். சத்து மாத்திரை தின்கிற பிள்ளை வாராவாரம் இளைத்தது. ஒருத்திகூட அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய அமைதிதான். ஒரு பெண் மாத்திரை டப்பாவின் பேரை எழுதிக் கேட்டாள். “எம்மவனும் குதிக்கிறான், அவனுக்கும் அந்தச் சத்த வாங்கிக் குடுக்கிறேன்.” அவளை அடிக்காமல் அனுப்பியது என் பொறுமை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சிரித்த முகத்தோடு சொன்னார். “ரொம்ப சந்தோசம்மா. இப்பல்லாம் கிளாஸ்ல அவ இருக்கிறதே தெரியல.”

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தப் பேச்சையே அரைத்தேன். ஒரு டீச்சர் ஒரு பிள்ளையைப் பற்றிச் சந்தோசமாகச் சொல்கிற சொல்லா அது? இருக்கிறதே தெரியவில்லையாம்! தெரியாமல் போவதற்கா நான் பெற்றேன்? எழுதுகிறாள், கணக்குப் போடுகிறாள் என்று சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அந்த மல்லிக்காரப் பெண் மட்டும்தான் ஒரு நாள் என் மகளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். “என்னக்கா, ஓம் புள்ள விருந்தாடி வந்த புள்ள மாதிரி ஒக்காந்திருக்கு? சொந்த வீட்டுல யாராச்சும் இப்புடி அடங்கி ஒக்காருவாகளா?” அவளுக்கு அன்றைக்கு மல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஏன் என்று புரிந்திருக்காது.

வீட்டுக்காரரிடம் போனில் காட்டினேன். “நல்லாத்தான இருக்கா? கன்னமெல்லாம் உப்பலாத் தெரியுதே” என்றார். போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பூனைகூட உப்பலாகத்தான் தெரியும். “ஒன் கண்ணுக்கு மட்டும்தான் எளைச்சிருக்கா. இத்தன நாள் ஆடுறான்னு அழுத, இப்ப ஆடலன்னு அழற” என்றார். அன்றைக்கு நான் போனை வைத்த வேகத்தில் அது மாவுக்குள் விழுந்தது.

இரண்டாம் முறை டாக்டரிடம் போனபோது நான் ஒரு துண்டுச் சீட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனேன். எடை, வயிற்று வலி, ஐந்து மணி அழுகை, நகம். மடித்து இடுப்பில் சொருகியிருந்தேன். வெளியே நர்ஸ் எடை பார்க்கக் கூப்பிட்டார். மெஷினில் பேட்டரி இல்லை. “எவ்வளவு இருப்பா?” என்று கேட்டார். “இருபத்தொண்ணு இருக்கும்” என்றார் மதினி. நர்ஸ் எழுதிக்கொண்டார். நான் “இல்ல…” என்பதற்குள் கதவு திறந்து எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

“எப்படி இருக்கா?” என்றார் டாக்டர். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“தங்கமா இருக்கா சார்” என்றார் மதினி. “நீங்க எங்க குடும்பத்துக்கே வெளக்கேத்தி வச்சிட்டீக. ஒரு கொறையும் இல்ல. மத்தியானத்துக்கு மேல மட்டும் கொஞ்சம் கவனம் இல்லன்னு டீச்சர் எழுதியிருக்காக.”

“சாப்பாடு?” என்றார் டாக்டர்.

“புள்ளைக அப்புடித்தான சார், கொஞ்சம் கம்மியாத் திங்கிறா. ராத்திரி தின்னுக்கிறா.”

டாக்டர் எடையைப் பார்த்தார். இருபத்தொன்று. குறையவில்லை. அளவைக் கூட்டி எழுதிவிட்டார். நான் இடுப்பில் கையை வைத்துச் சீட்டை எடுத்தேன். மதினி என் கையை மேசைக்கு அடியில் அமுக்கினார். பெரிய டாக்டர் முன்னால் துண்டுச் சீட்டை நீட்டுவது மரியாதை இல்லையாம். பஸ்ஸில் வரும்போது சொன்னார்: “டாக்டர்ட்டக் கொறையே சொல்லிட்டு இருந்தா அவுகளுக்கு நம்ம மேல உள்ள பிரியம் போயிரும்மா.”

அந்தச் சீட்டைக் கிழித்துப் பஸ் ஜன்னல் வழியாகப் போட்டேன். அதற்கும் சேர்த்து என்னை நான் மன்னிக்கவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்ட ஒரு கேள்விக்கு ஏன் என்னால் வாய் திறக்க முடியவில்லை? மெஷின் பெல்ட் அறுந்தால் தனியாக மாட்டுகிறவள் நான்.

பிறகு நோன்பு மாதம் வந்தது. வெயிலும் சேர்ந்து வந்தது. புதிய அளவு மாத்திரையில் பிள்ளை மத்தியானம் ஒரு பருக்கை தொடுவதில்லை. சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரம்தான் அவளுக்கு லேசாகப் பசி எட்டிப் பார்க்கும் நேரம். பாங்கு சொன்னதும் எங்களோடு உட்கார்ந்து கஞ்சி குடிப்பாள், ஒரு வடையைக் கொறிப்பாள். பகலெல்லாம் தின்னாமல் பாங்குக்குத் தின்கிற பிள்ளை. தெருவில் பேச்சு ஆரம்பித்தது. “ஓம் மக நோன்பு வைக்கிறாளா? மாஷா அல்லாஹ்!” ஒருத்தி அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். இன்னொருத்தி தன் மகனைக் காட்டி, “இதப் பாத்துப் படிலே” என்றாள்.

என் மகளுக்கு அது புதுசு. பிறந்ததில் இருந்து அவள் கேட்டதெல்லாம் ‘ஏய்’, ‘இறங்கு’, ‘வை’, ‘சனியனே’. யாரும் அவளைக் காட்டி அவர்கள் பிள்ளைக்குப் புத்தி சொன்னதில்லை. அவள் மெல்ல நிமிர்ந்து நிற்பதை நான் பார்த்தேன். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. “நோன்பு இல்ல, சும்மா தின்னாம இருக்கா” என்று சொன்னால், அடுத்த கேள்வி “ஏன் தின்னல?” என்று வரும். அதற்குப் பதில் சொன்னால் சத்து மாத்திரை பொய்யாகிவிடும். சிரித்துவைத்தேன். மூன்று வாரமாகச் சிரித்துவைத்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவள் மதினி வீட்டுப் பிள்ளைகளோடு படுத்துக்கொள்கிறேன் என்று போனாள். மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. எனக்கு மில்லில் விடிந்ததில் இருந்து கூட்டம். அந்தச் சனிக்கிழமை அவளை நிறுக்கவும் முடியவில்லை. காலையில் மதினி வீட்டில் தோசை தின்று, மாத்திரை போட்டு, விளையாடிக்கொண்டிருப்பாள் என்றே நினைத்திருந்தேன். நாலேகால் மணிக்கு வாசலில் கேட்டதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

மெஷின் நின்றதும் மதினியின் குரல் பெரிசாகக் கேட்டது. “இன்னைக்கு மஃரிபுக்கு எங்க வீட்டுக்கு எல்லாரும் வந்துருங்க. எம் மருமகளுக்கு மொத நோன்புத் தொறப்பு. முப்பது பேருக்குச் சொல்லியிருக்கேன்.”

நான் பானையில் இருந்து ஒரு சொம்பு தண்ணீர் மோந்துகொண்டு போய்ப் பிள்ளையிடம் நீட்டினேன். “குடி.”

அவள் மதினியைப் பார்த்தாள். உதடு வெள்ளையாகப் பிளந்திருந்தது. “அம்மா, நான் நோன்பும்மா.”

“குடிம்மா.”

“மாட்டேன். மாமி சொல்லியிருக்காக. நான் முழு நோன்பு.” வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் சொம்பை வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பினாள்; தண்ணீர் கவுனில் கொட்டியது.

“என்னம்மா இது கிறுக்குத்தனம்? இன்னும் ரெண்டு மணி நேரந்தான இருக்கு” என்றார் மதினி. “புள்ளையே ஆசப்பட்டு வச்சிருக்கு. நீயே முறிப்பியா?”

“ஆசப்பட்டா வச்சா? அவளுக்குப் பசிச்சாத்தான மதினி ஆச! மாத்திரைய எப்பக் குடுத்தீக?”

“விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுலயே குடுத்துட்டேன். சாப்பாட்டோடதான குடுக்கணும்? நான் என்ன தெரியாமயா செய்றேன்?”

“அப்ப அஞ்சு மணியில இருந்து இந்த வெயில்ல சொட்டுத் தண்ணி இல்லாம, கூட்டின மாத்திரைய வயித்துல வச்சிட்டு நிக்கிறா. சொகமில்லாதவங்களுக்கு நோன்பு கெடையாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“சொகமில்லாதவளா?” மதினி சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். “அவளுக்கு என்ன நோயி? சத்து மாத்திரைதான திங்கிறா? மெதுவாப் பேசு.”

அந்த ‘மெதுவாப் பேசு’தான். அங்கேதான் எனக்கு அறுந்தது.

“சத்து மாத்திரை இல்ல!” என்று கத்தினேன். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். “எல்லாரும் கேட்டுக்கங்க. எம் புள்ள ஆட்டத்துக்கு மாத்திரை திங்கிறா. மதுரையில பெரிய டாக்டர்ட்ட வாங்குறோம். அது நல்ல மாத்திரை. லாரியில அடிபடாம எம் புள்ளயக் காப்பாத்துன மாத்திரை. ஆனா அது அவ பசியத் தின்னுருச்சு. மூணு மாசமா அவ தின்னத ஒரு குருவி தின்னுருக்கும். நீங்க அதுக்குப் பூ வச்சுப் பாராட்டுறீக! பட்டினி கெடக்குறதுக்குப் பவுனுச் சங்கிலி போடுறீக!”

“நோன்பு நேரத்துல இம்புட்டுக் கோவம் ஆகாதுக்கா” என்றாள் ஒருத்தி.

“ஆகாதுன்னா எம் நோன்பு போகட்டும்டி. நான் அல்லாஹ்ட்டச் சொல்லிக்கிறேன்.”

எம்.ரெட்டியபட்டி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இது…” என்றார். “எலின்னியே…”

மதினியும் திரும்பி ஷட்டரைப் பார்த்தார். அந்த எண்களை அவரும் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். மில் கணக்கு என்று தாண்டிப் போயிருக்கிறார். இப்போது பக்கத்தில் போய், மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். கடைசி எண்ணில் விரல் நின்றது. பதினெட்டு எண்ணூறு.

“இருபத்தொண்ணுல்ல சொன்னேன் நான்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

“நீங்க சொன்னத நர்ஸ் எழுதுனாக. நர்ஸ் எழுதுனதப் பாத்து டாக்டர் கூட்டுனாரு.”

“இத அங்கயே சொல்றதுக்கென்ன?”

“கைய அமுக்குனது யாரு மதினி?”

மதினி மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. பிள்ளையைக் கையைப் பிடித்துத் தராசில் ஏற்றினார். பத்தொன்பது நூறு காட்டியது. ‘கூடியிருக்குல்ல’ என்பது போல ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அவரே குனிந்து வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சங்கிலியைக் கழற்றினார். தலையில் இருந்து பூவை எடுத்தார். கல் வைத்த கவுனை முதுகுப் பக்கம் அவிழ்த்துத் தலை வழியாக உருவி என் கையில் கொடுத்தார், கனமாக இருந்தது. உள்பாவாடையோடும் பனியனோடும் என் மகள் தராசில் நின்றாள். விலா எலும்பு பனியனுக்கு மேலேயே தெரிந்தது. அதை நான் தினமும் குளிப்பாட்டும்போது பார்க்கிறேன். மதினி அன்றைக்குத்தான் பார்த்தார்.

பதினெட்டு இருநூறு.

பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது. எண்ணைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். “மாமி, நான் தப்புப் பண்ணிட்டேனா? நோன்பு போயிருச்சா?” என்றாள். நகத்தோலை உரிக்க ஆரம்பித்தாள்.

“பைல அனுப்பி விடுறேன்” என்றார் மதினி என்னிடம், முகத்தைப் பார்க்காமல். “திங்கக்கெழம போவோம். நீயே உள்ள போயிப் பேசு. நான் வெளிய ஒக்காந்துக்கிறேன்.”

நான் மறுபடியும் சொம்பை நீட்டினேன். பிள்ளை வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். என் பேச்சுக்கு அவள் குடிக்கப் போவதில்லை.

மதினி என் கையில் இருந்து சொம்பை வாங்கினார். தராசுக்கு முன்னால், மாவு படிந்த தரையில், நோன்புத் திறப்புக்கு உடுத்தியிருந்த சேலையோடு முழங்கால் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்கு வரச் சொல்லியிருந்த அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, “குடி தாயி, மாமிதான் சொல்றேன்” என்று சொம்பைப் பிள்ளையின் உதட்டில் வைத்தார்.